பாப்பாவுக்குப் பாரதி: படப்புத்தகம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கினால் யாராவது ஒருவர் சிறுவர்க்கான பாரதி படப்புத்தக வரைவோடு என்னிடம் வந்துவிடுவார். இந்த முறை மூன்று பேர் வந்தார்கள். மூன்றிலும் என் முதல் புத்தகத்தில் நான் செய்த அதே தவறுகள். எழுத்துப்பிழை, மங்கிய அச்சு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை யார் கண்ணிலும் படும்.

பாட்டின் சொல்லை மாற்றுவது

‘ஓடி விளையாடு பாப்பா’ பாட்டில் ‘ஒரு குழந்தையை வையாதே பாப்பா’ என்று ஓர் அடி. அச்சுக்குப் போகுமுன் தொடக்கநிலை ஒன்று (முதல் வகுப்பு) படிக்கும் சிறுமியிடம் வாசித்துக் காட்டினேன். “ஏன், பாப்பாவைக் கீழ வைக்கக் கூடாதா?” என்று கேட்டாள். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் பிள்ளை. ‘வை’ என்றால் அவளுக்கு அந்தப் பொருள்தான் தெரியும். நான் பதறிப்போய் நம் ஊரில் புழங்கும் ‘ஏசாதே’ என்று மாற்றினேன். அந்தத் துணிச்சலில் ‘ஓய்ந்திருக்கலாகாது’ என்பதையும் ‘சும்மா இருக்கக்கூடாது’ ஆக்கினேன். 500 படி அச்சடித்தாயிற்று.

வட்டார நூலகத்தில் வாசிப்பு நிகழ்ச்சி. ஒரு பாட்டி பேரனை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமலே பாடத் தொடங்கினார். பேரன் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக்கொண்டே வந்தான். இரண்டாவது அடியிலேயே விரல் நின்றுவிட்டது. “பாட்டி, நீங்க தப்பாப் பாடுறீங்க. புக்குல அப்படி இல்ல.” பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தை உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகு பாடவில்லை.

இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. அவர் சிறுவயது முதல் பிசகாமல் வைத்திருந்த பாட்டை என் அச்சு பொய்யாக்கிவிட்டது. மீதிப் படிகளை விற்க மனம் வரவில்லை. மறு அச்சுக்குக் கைக்காசுதான் போனது.

ஓடி–ஓய்ந்து, கூடி–குழந்தை என்று மோனை. ஓடி–கூடி என்று எதுகை. பிள்ளை பாட்டை நினைவில் வைப்பது இந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டுதான். ‘சும்மா’ வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. ‘மாணவர் தரத்துக்கு ஏற்ப’ என்று காரணம் சொல்லிக் கவிஞர் சொல்லில் கைவைத்த வரைவைப் பார்த்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அருஞ்சொல்லை விளக்கத்தானே பக்கத்தில் ஓவியர் இருக்கிறார்?

மறு அச்சில் ‘வையாதே’ அப்படியே நின்றது. படத்தில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம்: ஒருவன் விரலை நீட்டிக் கத்துகிறான், எதிரே நிற்பவளுக்கு உதடு பிதுங்குகிறது, மூன்றாமவள் ஓடிவந்து அவன் வாயைப் பொத்துகிறாள். அதைப் பார்த்த ஒரு பையன், “ஓ, ஏசக்கூடாதா” என்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

யானை கொன்றதாக எழுதுவது

1921 இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை பாரதியைத் தள்ளியது உண்மை. அதிலிருந்து தேறி ஈரோடு வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. காக்கையையும் குருவியையும் தன் சாதி என்று பாடியவரின் புத்தகம், யானையைக் கொலைகாரனாக்கி முடியலாமா?

தலைப்பாகை

எட்டயபுரத்துச் சிறுவன் சுப்பையாவுக்கு, அதாவது சிறுவயதுப் பாரதிக்கு, வேண்டாம். மீசையும் வேண்டாம்.

உரிமை

பாரதி பாடல்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1949 இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. அடுத்த புத்தகம் சிங்கப்பூர்க் கவிஞரைப் பற்றி என்றால் கதை வேறு. இங்கே கவிஞர் மறைந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு. உரிமையாளரிடம் எழுத்தில் இசைவு வாங்குங்கள்.

குருவி

மனைவி செல்லம்மா சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த காட்சியை எல்லாரும் வரைகிறார்கள். புளோக்கிலிருந்து கீழே இறங்கி, புல்வெளியில் மேயும் சிட்டுக்குருவியைப் பார்த்து வரைவது வழக்கம். நம் ஊர்க் குருவிக்கு வெள்ளைக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு இருக்கும். தமிழ்நாட்டு வீடுகளில் கூடு கட்டும் சிட்டுக்குருவிக்கு அந்தப் பொட்டு கிடையாது.