நாலு கிலோமீட்டர் ஆபீசுக்கு ஒரு சைக்கிள்: பார்த்து வாங்குவது எப்படி?

என் வீடு சென்னையில், வேளச்சேரி விஜயநகர் பக்கம். ஆபீஸ் தரமணியில், எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால். நாலு கிலோமீட்டருக்குள்தான் தூரம். மூன்று வருடமாக சைக்கிளில் போய்வருகிறேன். ஆனால் இப்போது ஓட்டுவது நான் வாங்கிய இரண்டாவது சைக்கிள். முதலில் வாங்கியது 21 கியர், முன்னால் ஒன்று நடுவில் ஒன்று என்று இரண்டு ஷாக் அப்சார்பர், தடித்த கட்டை டயர். 14,000 ரூபாய். பார்த்தால் ஊட்டி மலை ஏறப்போகிறவன் மாதிரி இருப்பேன். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது. ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று இடுப்பிலிருந்து பிடரிவரை முதுகில் ஒரே நேர்கோடாகச் சேறு. அந்தச் சட்டையோடு காலை மீட்டிங்கில் சுவரை ஒட்டியே நின்றேன். நாலு மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அந்த ஏழாயிரம் ரூபாய் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: கடைக்கு முன்னால் பாதையைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரிடமாவது சைக்கிள் கடன் வாங்கி ஆபீஸ்வரை போய்த் திரும்புங்கள். அவசரமில்லாமல் மிதித்தால் நகரத்துக்குள் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வரும். நாலு கிலோமீட்டருக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். போகும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். வழியில் ஏற்றம் இருக்கிறதா? மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும்? வழியிலோ வீட்டுப் பக்கத்திலோ சைக்கிள் கடை, அதாவது பஞ்சர் ஒட்டி ஓவராயில் செய்து தருகிற கடை, எங்கே இருக்கிறது?

மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். அந்தக் கடைக்காரரால் பிரித்து மாட்ட முடியாத சைக்கிளை வாங்காதீர்கள்.

சென்னை மாதிரி சமதரை ஊரில் கியர் இல்லாமலே ஓட்டலாம். காற்றுகூட எனக்குச் சாதகம். மத்தியானத்தில் ஆரம்பிக்கிற கடல்காற்று சாயங்காலம் வேளச்சேரிக்குத் திரும்பும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும். உங்கள் ஆபீஸ் கடற்கரைப் பக்கம் இல்லாமல் வீடு அந்தப் பக்கம் என்றால் கதை தலைகீழ். எதிர்காற்றில் மிதித்து வியர்த்துத்தான் வீடு சேர்வீர்கள். வழியில் தினமும் ஏற வேண்டிய மேம்பாலமோ மேடோ இருந்தால் பின்சக்கரத்தில் 6 அல்லது 7 கியர் போதும். 21 கியர் என்பது முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அந்த நாலு மாதத்தில் முன்பக்க கியரை நான் மாற்றியது இரண்டே தடவை, இரண்டு தடவையும் செயின் கழன்றது.

படி 2: வீட்டுக் கொல்லையில் தேடுங்கள்

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படித்த பிள்ளை உள்ள பல வீடுகளில், அரசு கொடுத்த இலவச சைக்கிள் ஒன்று தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் துணி காயப்போடும் கொடியாக நிற்கும். மட்கார்டு, கேரியர், பெல் எல்லாம் அதிலேயே உண்டு. மாணவிகளுக்குக் கொடுத்ததில் முன்னால் கூடையும் உண்டு. சித்தி வீட்டில் கிடந்த ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டை, ஒரு முழு ஓவராயில். 2,000 ரூபாய் தாண்டவில்லை. சித்தப்பா இன்றைக்கும் அதில்தான் ரேஷன் கடைக்குப் போகிறார்.

ஒன்று மட்டும் பாருங்கள். ஃபிரேமில் கம்பிகள் சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தாலோ, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்திருந்தாலோ செலவு செய்ய வேண்டாம். மேலாக இருக்கும் துரு பிரச்சினை இல்லை.

படி 3: வகையை முடிவு செய்யுங்கள்

கடையில் நூறு மாடல் தொங்கினாலும் ஆபீஸ் போக நாம் பார்க்க வேண்டியது சில வகைதான்.

முதலாவது, பழைய பெரிய சைக்கிள். பால்காரர் ஓட்டுவாரே, அது. கருப்பு, 28 இஞ்ச் சக்கரம், நிமிர்ந்த உட்காருகை. 20 கிலோ பக்கம் கனம் இருக்கும், ஆனால் உழைப்புக்கு ஈடு கிடையாது. குறை, சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடுகிற பார் உயரமாக இருக்கும், குள்ளமானவர்களுக்குச் சரிவராது.

இரண்டாவது, லேடீஸ் சைக்கிள் என்று நாம் பேர் வைத்துவிட்ட, நடுவில் பார் தாழ்ந்த சைக்கிள். சேலை, சுடிதாருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பேன்ட் போட்டு, பின்னால் பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் போடுவது எவ்வளவு சிரமம் என்று சிக்னலுக்குச் சிக்னல் இறங்கி ஏறினால் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நான் இப்போது ஓட்டுவதும் இதுதான். முதல் வாரம் செக்யூரிட்டி அண்ணன் "வீட்டம்மா வண்டியா சார்?" என்று கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

மூன்றாவது, சிட்டி அல்லது ஹைப்ரிட் என்று விற்பது. எடை குறைவு, டயர் நடுத்தரம், நேர் ஹேண்டில்பார். நல்ல சாமான்தான், ஆனால் மட்கார்டும் கேரியரும் தனியாக வாங்கி மாட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலை குறைந்த ஷாக் அப்சார்பர் சைக்கிள் வேண்டாம். மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும், எடையும் கூடும். நாலு இஞ்ச் தடி டயர் சைக்கிள் மணலுக்கும் பனிக்கும் செய்தது. வேளச்சேரி நூறடி ரோட்டில் அதற்கு வேலையில்லை. மின்சார சைக்கிள் என்றால் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் இருந்தால் லைசென்ஸ், பதிவு எதுவும் தேவையில்லை.

பிராண்ட் பற்றிக் கேட்பீர்கள். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ், லூதியானாவின் ஹீரோ, ஏவன் ஆகியவற்றின் சாதாரண மாடல்களுக்கு எந்தத் தெருக்கடையிலும் சாமான் கிடைக்கும். பிராண்டில் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

படி 4: உயரம். இதில் அவசரப்படாதீர்கள்

சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று விட்டவர்களில் பலர் சீட்டைத் தாழ வைத்து ஓட்டியவர்கள். கடையில் நின்றபடியே இதைச் சரிபார்க்கலாம்.

முதலில் சைக்கிளின் பாருக்கு இருபுறமும் கால் வைத்து, செருப்போடு தரையில் தட்டையாக நில்லுங்கள். கவட்டைக்கும் பாருக்கும் நடுவே இரண்டு விரல், மூன்று விரல் இடைவெளி வேண்டும். பார் தாழ்ந்த சைக்கிளில் இந்தச் சோதனை தேவையில்லை.

அப்புறம் சீட். கடைப் பையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை மிகக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடிந்தால் சீட்டை உயர்த்துங்கள். குதிகால் எட்டாவிட்டால் இறக்குங்கள். ஓட்டும்போது குதிகாலால் அல்ல, முன்பாதத்தால் மிதிப்போம் இல்லையா, அப்போது முழங்கால் தானாகவே லேசாக மடியும். அந்த மடிப்புதான் வேண்டும்.

இப்படி வைத்தால் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுதாக ஊன்றாது, விரல்தான் தொடும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பயமாக இருக்கும். முதல் இரண்டு வாரம் ஒரு இஞ்ச் தாழ்த்தி ஓட்டிவிட்டு, பழகியதும் ஏற்றிக்கொள்ளுங்கள். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது. உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த சைக்கிள் உங்களுக்குச் சின்னது.

கடைசியாக ஹேண்டில்பார். பிடித்து உட்கார்ந்தால் முழங்கை விறைக்காமல் லேசாக மடிந்திருக்க வேண்டும், உடல் எடை உள்ளங்கையில் இறங்கக் கூடாது. ஆபீசுக்கு ஓட்டுகிறவருக்கு ஹேண்டில்பார் சீட் மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பதுதான் சுகம்.

படி 5: சீட், டயர், வால்வு

பஞ்சு மாதிரி சீட்டை விரலால் அமுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். மிருதுவான சீட்டில் பத்து நிமிடத்தில் எலும்பு உள்ளே அமிழ்ந்து, சதைதான் நசுங்கும். நிமிர்ந்து உட்காருகிற சைக்கிளுக்குக் கொஞ்சம் அகலமான, அடியில் ஸ்பிரிங் வைத்த, பாதி கெட்டியான சீட் நல்லது.

டயர் அகலம் ஒன்றரை இஞ்ச் முதல் இரண்டு இஞ்ச் வரை. அதற்கு ஒல்லி என்றால் நம் குண்டு குழியில் ரிம் அடிவாங்கும். பெரிய கட்டைகள் துருத்தாத, வழவழப்பான டயராகப் பாருங்கள்.

வால்வைக் கண்டிப்பாகத் திருகிப் பாருங்கள். பழைய சைக்கிள் வால்வு என்றால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் டியூப் இருக்கும். கைப்பம்புதான் அதற்குத் தோது. மோட்டார் பைக்கில் இருக்கிற மாதிரி வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். ஆனால் அந்த கம்பிரசர் ஒரே இழுப்பில் டியூபை வெடிக்கவைத்துவிடும், விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும்.

படி 6: பிரேக்

பெரிய சைக்கிளில் வருகிற கம்பி பிரேக் காய்ந்த ரோட்டில் சரி. மழையில், அதுவும் பளபளக்கிற இரும்பு ரிம்மில், கட்டை வழுக்கிக்கொண்டு போகும். வயர் பிரேக்கும் அலுமினிய ரிம்மும் இருந்தால் போதுமானது, கட்டை தேய்ந்தால் எந்தக் கடையிலும் உடனே மாற்றிவிடலாம். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் தெருக்கடையில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். என் தெருவில் இல்லை.

படி 7: பணம் கொடுக்கும் முன்

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை ஒரு இடத்தில் கண்வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி குறைந்து கூடிக்கொண்டே இருந்தால் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே எடுத்துத் தரச் சொல்லுங்கள். புது சைக்கிள் பெட்டியில் பாதி பிரிந்துதான் கடைக்கு வருகிறது. மாட்டியவர் அவசரத்தில் விட்டது இருக்கத்தான் செய்யும். ஆன்லைனில் வாங்கினால் இந்த வேலை உங்கள் தலையில். தெருக்கடைக்காரருக்குக் கூலி கொடுத்து மாட்டச் சொல்வதுதான் உத்தமம்.

பெடல் மாட்டியிருக்கும் கையை, அதாவது கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. அப்புறம் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

முழு மட்கார்டு, கேரியர், செயின் கவர், பெல், ஸ்டாண்டு, பூட்டு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், முன்னால் ஒரு லைட். இவ்வளவும் சேர்த்து என்ன விலை என்று கேளுங்கள். கியர் இல்லாத சைக்கிள் என்றால் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். பையைத் தோளில் மாட்டாமல் கேரியரில் கட்டினால் முதுகில் பாதி வியர்வை குறையும். பில் வாங்குங்கள். 2025 செப்டம்பரிலிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது, பில்லில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் நம்பர் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். திருடுபோனால் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

படி 8: முதல் மாதம்

புது வயர் கொஞ்சம் இழுபடும், ஸ்போக்ஸ் தளரும். அதனால் மூன்றாவது, நாலாவது வாரத்தில் பிரேக்கும் கோட்டமும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பல கடைகளில் முதல் சர்வீஸ் இலவசம். வாரம் ஒருமுறை காற்று, செயினில் சில சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடித்து மண் சேரும்.

வேளச்சேரிக்காரர்களுக்கு ஒன்று. சக்கரத்தின் அச்சு முங்கும் அளவு தண்ணீரில் ஓட்டியோ தள்ளியோ வந்திருந்தால், தண்ணீர் வடிந்த வாரமே சக்கர அச்சையும் பெடல் அச்சையும் பிரித்து, கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். அச்சுக்குள் உருளும் குண்டுகள், அதாவது பால்ஸ், துருப்பிடித்துவிட்டால் பெடலில் "கடக் கடக்" என்று சத்தம் வரும். அது வந்தபின் போனால் அச்சையே மாற்றச் சொல்வார்கள்.