உழைத்துப் படித்தும் சராசரி மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குக் கல்லூரி தேடும் முறை

இரவு வெகுநேரம் கண்விழித்துப் படித்தும் நடுத்தர மதிப்பெண்ணே வாங்கும் பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது, தரவரிசைப் பட்டியலை முதலில் கையில் எடுக்காதீர்கள். கடந்த சில ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்களை வரிசையாக வைத்துப் பாடவாரியாகப் பாருங்கள். நேரக்கட்டுப்பாடுள்ள தேர்வில் தடுமாறும் பிள்ளை, செய்முறையிலும் நீண்ட பணிகளிலும் நன்றாகச் செய்திருக்கலாம். அப்படியானால், ஆண்டிறுதித் தேர்வை மட்டும் நம்பாமல் ஆண்டு முழுவதும் செய்யும் வேலைக்கு மதிப்பெண் தரும் பாடப்பிரிவுகளே பொருந்தும்.

அடுத்து, ஒவ்வொரு கல்லூரியிலும் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் மதிப்பெண்களைத் தேடி எடுங்கள். சராசரி எண்ணை விட, சேர்ந்தவர்களில் நடுப்பாதியினர் (மேலே கால்பங்கினரையும் கீழே கால்பங்கினரையும் விட்டு எஞ்சியவர்கள்) எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை பெற்றிருந்தார்கள் என்பதே பயன்படும். பிள்ளையின் மதிப்பெண் அந்த வரம்புக்குள் விழும் கல்லூரிகள் பட்டியலின் பெரும்பகுதியாக இருக்கட்டும். பிள்ளையின் மதிப்பெண்ணை விட உயர்ந்த வரம்புள்ளவை இரண்டு மூன்று, தாழ்ந்த வரம்புள்ளவை இரண்டு மூன்று போதும். கல்விக் கட்டணச் சலுகையைத் தகுதி பார்த்து வழங்கும் கல்லூரிகள் பொதுவாகத் தங்களிடம் விண்ணப்பிப்பவர்களில் முன்வரிசையில் இருப்பவர்களுக்கே அதைத் தருகின்றன என்பதால், "எளிதாக இடம் கிடைக்கும்" என்று ஒதுக்கப்படும் கல்லூரியே சில வேளைகளில் குடும்பத்தின் சுமையை அதிகம் குறைக்கிறது. ஒரே கல்லூரியில் பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு போட்டி மாறுபடும். ஆனால் பின்னர் மாறிக்கொள்ளலாம் என்று நம்பி விருப்பமில்லாத பிரிவில் சேர்வதற்கு முன், மாறுவதற்கான விதியை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் சில கேள்விகளைக் கேட்பது அவசியம். முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் தொடர்கிறார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் முடிக்கிறார்கள், முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர் அமர்கிறார்கள், பாடத்தில் பின்தங்கினால் யாரிடம் போய்க் கேட்பது என்பவை அவை. கேட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, பெயர் தெரிந்து பேசும் ஆசிரியர் இருக்கும் சிறிய துறை, புகழ்பெற்ற பெரிய வளாகத்தை விட நன்மை செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

விண்ணப்பத்தில் உழைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். "கடின உழைப்பாளி" என்று எழுதுவதால் எதுவும் நிரூபணமாவதில்லை. தொடர்ந்து பார்த்த பகுதிநேர வேலை, வீட்டில் தம்பி தங்கையைக் கவனித்த பொறுப்பு, பலமுறை திருத்தி முடித்த ஒரு செய்முறைத் திட்டம் ஆகியவற்றைக் காலமும் அளவும் குறித்து எழுதச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்தை அதிக மதிப்பெண் போட்ட ஆசிரியரிடம் கேட்பதை விட, பிள்ளை தடுமாறி மெல்ல முன்னேறியதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஆசிரியரிடம், கடைசித் தேதிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே, பழைய விடைத்தாள்களையும் கொடுத்துக் கேட்பது நல்லது. நோயாலோ குடும்பச் சூழலாலோ ஓராண்டு மதிப்பெண் சரிந்திருந்தால் அதை இரண்டு மூன்று வாக்கியங்களில், இரக்கம் கோராமல், நடந்தபடி சொல்லலாம்.

விண்ணப்பத்தோடு கேட்கப்படும் கட்டுரையைப் பிள்ளையே எழுதட்டும். நீங்கள் படித்துப் பார்த்து, புரியாத இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். வாக்கியத்தைத் திருத்திக் கொடுக்காதீர்கள், ஏனெனில் நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பிள்ளைதான்.