ஏஆர்-10 ரைபிள்: எடையை மட்டும் பார்த்துப் பேசாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு லேசில் முடியாது. 1948 ஜூன் 16 அன்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலமே அறிவிக்கப்பட்டது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது 1950-களில் அமெரிக்காவில் எடை குறைவாகச் செய்யப்பட்ட ஏஆர்-10 சோதனை ரைபிள் வரை தேடிப் படிக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன.

முதலில் பெயர். 'ஏஆர்' என்பது தாக்குதல் ரைபிள் என்பதன் சுருக்கம் இல்லை. அதைத் தயாரித்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது.

அடுத்தது, எடையைக் குறைக்க வைத்த "அலுமினிய உடம்பு வெடியைத் தாங்குமா?" என்ற கேள்வி. செம்பனைக் குலை வெட்டுகிறவர்களைக் கேட்டால் பாதி பதில் கிடைத்துவிடும். கம்பு அலுமினியம், நுனியில் இருக்கும் அரிவாள் எஃகு. வெட்டு விழும் இடத்தில் யாரும் அலுமினியத்தை வைப்பதில்லை. ஏஆர்-10-இல் அதன் வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனர் செய்ததும் அதுதான். தோட்டா வெடிக்கும்போது, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டின் பற்கள் குழலோடு சேர்ந்த எஃகுப் பகுதியிலேயே பூட்டிக்கொள்ளும். அழுத்தம் எஃகுக்குள் நின்றுவிடும். வெளியே இருக்கும் அலுமினியத்துக்குப் பாகங்களைப் பிடித்து வைப்பதுதான் வேலை. ஆனால் இதையெல்லாம் ஸ்டோனர் ஒருவரே கண்டுபிடித்தார் என்றும் சொல்லிவிடாதீர்கள். பல பற்கள் கொண்ட சுழல் போல்ட்டை மெல்வின் ஜான்சன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தன் 1941 ரைபிளிலேயே செய்து காட்டியிருந்தார்.

எடையை எங்கே வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஆர்மலைட்டே அதில் அடிபட்டது. ஸ்டோனர் வேண்டாம் என்று சொல்லியும், அலுமினியமும் எஃகும் சேர்ந்த குழலைப் பொருத்தி அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை சோதனைக்கு அனுப்பினார்கள். 1957 தொடக்கத்தில் கடும் சோதனையின்போது அந்தக் குழல் வெடித்தது. அப்புறம்தான் முழு எஃகுக் குழல் வந்தது. அரிவாளையே அலுமினியத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எடை குறைந்தால் உதை கூடும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அவசரகாலத்தில் இங்கே புழங்கிய 'ஜங்கிள் கார்பைன்' என்ற குட்டை ரைபிள், வழக்கமான பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு ரைபிளைவிடக் கிட்டத்தட்ட 1 கிலோ இலேசு. காட்டில் சுமக்கச் சுகம், ஆனால் தோளில் பலமாக உதைக்கும். ஏஆர்-10 வடிவமைப்பாளர்கள் இதை யோசித்தே தோளில் வைக்கும் கட்டையைக் குழலுக்கு நேர்க்கோட்டில் வைத்தார்கள். உதை நேராகப் பின்னால் வந்தால் குழல்முனை அவ்வளவாக மேலே எகிறாது. கட்டை நேரானதால் கண் உயரத்துக்குக் குறிபார்க்கும் பாகத்தையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பாகம் உட்கார்ந்திருக்கும் மேல்பக்கத்து உயரமான கைப்பிடியை அழகுக்காக வைத்தார்கள் என்று சொல்வது தவறு.

சரி, அமெரிக்க ராணுவம் 1957-இல் எம்14 என்ற வேறு ரைபிளைத் தேர்ந்தெடுத்ததே, அப்படியானால் ஏஆர்-10 தோற்றதுதானே என்பார்கள். அது போட்டிக்கு வந்ததே தாமதம். மற்ற ரைபிள்களைப் பல வருடம் சோதித்து முடிக்கப்போகும் நேரத்தில் வந்து நின்றது. சூடானும் போர்ச்சுகலும் அதை வாங்கின. நம் மலேசிய ராணுவம் பிற்பாடு சுமந்த எம்16 ரைபிளைப் பிரித்துப் பார்த்தால், தோட்டா சிறியது, ஆனால் அதே அலுமினிய உடம்பு, குழலோடு பூட்டிக்கொள்ளும் அதே போல்ட்.