டிடிஆர் அவுட்புட்டில் இறங்கும் விளிம்பை விட்டுவிடாதீர்கள்

சிப் டிசைனின் டைமிங் கட்டுப்பாட்டு ஃபைலில், டிடிஆர் (கிளாக்கின் இரண்டு விளிம்புகளிலும் டேட்டா அனுப்பும்) அவுட்புட் போர்ட்டுக்கு செட் அவுட்புட் டிலே (set_output_delay) வரிகளை இரண்டு முறை எழுதுங்கள். பெறும் சிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று டைமிங் டூலுக்குச் சொல்பவை இவை. இரண்டாவது முறை கிளாக் ஃபால் (-clock_fall), ஆட் டிலே (-add_delay) ஆகிய இரண்டு ஆப்ஷன்களையும் சேர்த்தே எழுதுங்கள். மேக்ஸ் (-max), மின் (-min) இரண்டுக்கும் சேர்த்து மொத்தம் 4 வரிகள்.

பெறும் சிப், கிளாக் ஏறும்போதும் இறங்கும்போதும் டேட்டாவைப் பிடிக்கிறது. கிளாக் ஃபால் இல்லையென்றால் டூல் ஏறும் விளிம்பை மட்டுமே சரிபார்க்கும். ஆட் டிலே விட்டுப்போனால் இன்னும் மோசம்: பின்னால் வரும் வரி முன்னால் எழுதியதை அழித்துவிடும், டைமிங் ரிப்போர்ட்டோ சுத்தமாகவே தெரியும். பெறும் சிப்பின் செட்டப் (விளிம்புக்கு முன் டேட்டா நிலையாக இருக்க வேண்டிய நேரம்) 1, ஹோல்டு (விளிம்புக்குப் பின் நிலையாக இருக்க வேண்டிய நேரம்) 0.8 நானோசெகண்டு, போர்டில் டேட்டா, கிளாக் தடங்கள் சம நீளம் என்றால் மேக்ஸ் 1, மின் -0.8. அந்தக் கழித்தல் குறியைக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். அப்புறம், கிளாக்கும் கூடவே வெளியே போகிறது என்றால் அந்த போர்ட்டில் ஜெனரேட்டட் கிளாக் (உள்ளே இருக்கும் கிளாக்கிலிருந்து உருவானது என்று டூலுக்குச் சொல்லும் கிளாக்) ஒன்றை வரையறுத்து, அதையே இந்த வரிகளில் கொடுங்கள்.

சாதாரண எஸ்டிஆர் (ஒரு விளிம்பில் மட்டும் டேட்டா அனுப்பும்) போர்ட்டுக்கு இது வேண்டாம். இல்லாத அரை சுழற்சிப் பிழைகள் கிளம்பும். கிளாக்கும் டேட்டாவும் ஒரே நேரத்தில் மாறும் எட்ஜ் அலைன்டு இன்டர்ஃபேஸில் இந்த 4 வரிகள் மட்டும் போதாது. தேவையில்லாத விளிம்பு ஜோடிகளை ஃபால்ஸ் பாத் (இதைச் சரிபார்க்க வேண்டாம் என்று டூலுக்குச் சொல்லும் கட்டளை) போட்டு விலக்கவும் வேண்டும்.