பினாங்குக் கடல் வரைபடத்தைத் திறன்பேசியில் பொருத்துவது எப்படி?

காகிதக் கடல் வரைபடத்தை ஸ்கேன் செய்து திறன்பேசியில் ஏற்றினால், அது வெறும் படமாகத்தான் இருக்கும். அந்தப் படத்தின் எந்தப் புள்ளி பூமியில் எந்த இடம் என்பதை மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகே, ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் உங்கள் படகின் குறி வந்து நிற்கும். இதைத்தான் அளவுத்திருத்தம் என்றும் பேச்சுவழக்கில் கேலிப்ரேஷன் என்றும் சொல்கிறோம். வார இறுதியில் பத்து மாவுங்கிலிருந்து தூண்டிலோடு கிளம்புகிற புதியவர்களை மனத்தில் வைத்து, ஓசி எக்ஸ்ப்ளோரர் மென்பொருளைக் கொண்டு இதை விளக்குகிறேன். ஓபன்சிபிஎன் என்ற மற்றொரு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குக் கோப்பின் வகை மாறுமே தவிர, அடிப்படை ஒன்றுதான்.

படி 1: ஸ்கேன் செய்தல்

மலேசிய அரச கடற்படையைச் சேர்ந்த தேசிய நீரளவியல் மையம் வெளியிடும் வரைபடத்தையோ பிரிட்டிஷ் அட்மிரால்டி வரைபடத்தையோ நீங்களே வாங்கி, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். கோப்பைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் கடைகளில் பெரிய தாளுக்கான ஸ்கேனர் இருக்கும். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் தாளின் ஒரு மில்லிமீட்டர் கடலில் 50 மீட்டர் ஆகையால், ஒரு படப்புள்ளி நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும்.

நான் முதன்முறை மடிப்பு விழுந்த தாளையே கொடுத்துவிட்டேன். உருளையில் அது கொஞ்சம் நழுவியதில், புலாவ் ஜெரெஜாக்கிற்குத் தெற்கே தீர்க்கரேகை முறிந்த குச்சியைப் போல் விலகி நின்றது. இத்தகைய பிசகை எந்த அளவுத்திருத்தமும் சரிசெய்யாது. மறுபடியும் ஸ்கேன் செய்வதுதான் வழி. திறன்பேசியில் எடுத்த புகைப்படத்திலும் ஓரங்கள் வளைந்துவிடுவதால் அது உதவாது. படத்தைச் சாய்வு நீக்கி, ஓரம் வெட்டி, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். புள்ளிகளைக் குறித்த பிறகு படத்தை வெட்டவோ சிறிதாக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் குறித்தவை அனைத்தும் இடம் மாறிவிடும்.

படி 2: டேட்டத்தைக் கண்டுபிடித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான். என் கணிப்பில் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. பூமியின் வடிவத்தையும் அளவையின் தொடக்கத்தையும் எப்படி வைத்துக்கொண்டு கோடுகள் போடப்பட்டன என்பதைக் குறிப்பதே டேட்டம். இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டத்தில் பேசுகிறது. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்களோ எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட கெர்த்தாவ் டேட்டத்தில் வரையப்பட்டவை. பினாங்கு வட்டாரத்தில் இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ 150 மீட்டர் வேறுபாடு உண்டு, அதுவும் பெரும்பாலும் கிழக்கு மேற்காக. கெர்த்தாவ் வரைபடத்தை டபிள்யூஜிஎஸ் 84 என்று மென்பொருளில் பதிந்துவிட்டால் உங்கள் குறி உண்மையான இடத்துக்கு மேற்கே விழும். தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஸ்வெட்டன்ஹாம் துறையை ஒட்டி மிதக்கும் படகு, திரையில் கரையேறி நிற்கும்.

வரைபடத்தின் தலைப்புப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். டேட்டத்தின் பெயர் அங்கே இருக்கும். அதனோடு, செயற்கைக்கோளால் கிடைத்த இடத்தைக் குறிக்கும் முன் இத்தனை நிமிடம் வடக்கே, இத்தனை நிமிடம் கிழக்கே நகர்த்த வேண்டும் என்ற குறிப்பும் சில தாள்களில் இருக்கும். மென்பொருளின் பட்டியலில் கெர்த்தாவ் 1948 என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்த நகர்த்தலை அதுவே செய்துகொள்ளும். அதற்கு மேல் குறிப்பில் உள்ள எண்ணையும் நீங்கள் கூட்டினால் திருத்தம் இருமுறை சேர்ந்து, பிழை எதிர்த்திசைக்கு மாறிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் வரையும் வீழல் முறைக்கு மெர்கேட்டர் என்று கொடுங்கள். கடல் வரைபடங்களில் பெரும்பாலானவை அதுவே.

படி 3: புள்ளிகளைக் குறித்தல்

கணினியில் ஓசி எக்ஸ்ப்ளோரரின் 'லோட் அண்ட் கேலிப்ரேட் மேப் இமேஜ்' என்பதைச் சொடுக்கிப் படத்தைத் திறவுங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் இடங்களையே புள்ளிகளாகக் கொள்ளுங்கள். கரையோர முனைகள் வேண்டாம். தஞ்சோங் தோக்கோங் கரை கடலைத் தூர்த்து எவ்வளவு முன்னே நகர்ந்திருக்கிறது என்பது பினாங்குக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு புள்ளிகளோடும் மென்பொருள் சம்மதித்துவிடும், ஆனால் நான்கு மூலைக்கும் ஒன்றாக நான்கு குறிப்பதே நல்லது. தீவு முழுவதும் அடங்கிய தாளில், வடக்கு 5 பாகை 15 நிமிடமும் 30 நிமிடமும், கிழக்கு 100 பாகை 10 நிமிடமும் 25 நிமிடமும் வெட்டும் நான்கு சந்திப்புகள் வசதியானவை. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, கோட்டின் தடிமனுக்கு நடுவே சொடுக்குங்கள்.

எண்ணைப் பதியும்போது ஒரு கண்ணி உண்டு. அதில் நானும் விழுந்திருக்கிறேன். 5 பாகை 24 நிமிடம் 30 விநாடி என்பது 24.30 நிமிடம் ஆகாது, 24.50 நிமிடம். விநாடியை 60ஆல் வகுத்த பிறகே தசம நிமிடம் கிடைக்கும். இந்தச் சின்னப் பிசகால் குறி 370 மீட்டர் தள்ளிப் போகும், ஏனெனில் அட்சரேகையின் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.

படி 4: சோதித்தல்

குறித்த புள்ளிகளையே திரும்பப் பார்ப்பது சோதனையாகாது. நீங்கள் பயன்படுத்தாத ஒரு கோட்டுச் சந்திப்பில் சுட்டியை வைத்து, திரையில் வரும் எண் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆனால் டேட்டம் தவறாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால், படத்தையும், குறித்த புள்ளிகளை மென்பொருள் சேமித்துவைக்கும் மேப் கோப்பையும் திறன்பேசியில் ஒரே கோப்புறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே செல்லுங்கள். 1882இல் எழுப்பப்பட்ட ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கலங்கரை விளக்கம் இதற்கு ஏற்றது. கரை மாறினாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு எவ்வளவு அருகில் முடியுமோ அங்கே போய், உங்கள் குறிக்கும் வரைபடத்து விளக்கின் அடையாளத்துக்கும் உள்ள இடைவெளியை மென்பொருளிலேயே அளந்து, அதை நீங்கள் நிற்கும் தொலைவோடு ஒப்பிடுங்கள். 1:50,000 வரைபடத்தில் 25 மீட்டர் வரையிலான வேறுபாடு தாளில் அரை மில்லிமீட்டர்தான், அதை விட்டுவிடலாம். நூறு மீட்டருக்கு மேல் மேற்கே விலகினால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

ஆழ எண்களை அளவுத்திருத்தம் தொடுவதே இல்லை. பழைய தாளில் அவை பாகமாக, அதாவது 1.83 மீட்டர் கொண்ட ஃபாத்தமாக இருக்கக்கூடும். அலகைத் தலைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் இல்லாத தாளாக இருந்தால், தெற்கு வாயிலில் அதை மட்டும் நம்பிப் போகாமல், திருத்தப்பட்ட காகித வரைபடம் ஒன்றையும் படகில் வைத்திருங்கள்.