நோய் பிடித்த மரம்: வெட்டுவதா, விட்டுவைப்பதா?

நாலு இலை பழுத்ததுமே கோடரியைத் தேடுகிறவர்கள் உண்டு. அடிமரத்தில் காளான் முளைத்த பிறகும் "இத்தனை வருஷம் நின்ற மரம்தானே" என்று அதன் கீழேயே வண்டியை நிறுத்துகிறவர்களும் உண்டு. எனக்குப் பயம் இரண்டாவது ஆளை நினைத்துத்தான். நோயின் பெயரைவிட அது மரத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது, மரம் சாய்ந்தால் எதன்மேல் விழும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 1: உயிர் இருக்கிறதா?

பென்சில் கனமுள்ள கிளையில் பட்டையை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை பட்டுவிட்டது. ஒரு கிளையோடு நிறுத்தாமல் மரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். தென்னை, பனைக்கு இது செல்லாது. பட்டைக்கடியில் அந்தப் பச்சை அடுக்கே அவற்றுக்குக் கிடையாது. அங்கே குருத்தைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: அடிமரத்தைப் பாருங்கள்

இலைப்புள்ளி, சாம்பல் நோய் எல்லாம் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வளர்ந்த மரத்தை அவை கொல்வது அரிது. ஆபத்து கீழேதான். தூரைச் சுற்றியுள்ள சருகையும் மண்ணையும் கையால் விலக்குங்கள். தட்டுத் தட்டாக, மரம்போல் கெட்டியான காளான் ஒட்டியிருக்கிறதா? அதைப் பிய்த்தெறிந்து பயனில்லை. பூஞ்சை உள்ளே எப்போதோ வேலையை ஆரம்பித்திருக்கும்.

அடுத்து, மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கெட்டியாகக் கேட்கும். கூடான இடத்தில் "தொம்" என்று காலிப் பானைச் சத்தம் வரும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் யோசிக்க வேண்டியதுதான்.

பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. பொந்தைச் சுற்றிக் கெடாமல் இருக்கும் மரச்சுவரின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 10 செ.மீ. பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தால் இந்தக் கணக்கையும் நம்பாதீர்கள்.

படி 3: சாய்வு

சின்ன வயதிலேயே சாய்ந்து, பிறகு நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் பிரச்சினை இல்லை. புதிதாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் வெடித்தோ மேலெழும்பியோ இருந்தால் வேர் விட்டுக்கொடுக்கிறது. அன்றைக்கே ஆட்களை விலக்கிவிட்டு, மரம் அறிந்தவரைக் கூப்பிடுங்கள்.

படி 4: விழுந்தால் எங்கே?

மரத்தின் உயரத்தை அடியிலிருந்து நாலா பக்கமும் தரையில் அளந்து பாருங்கள். அதற்குள் வீடு, நடைபாதை, மின்கம்பி உண்டா? வெறும் புல்தரை என்றால் அவசரமே இல்லை. பெஞ்சோ வண்டியோ என்றால், அதை நகர்த்துவது மரத்தை வெட்டுவதைவிடச் சுலபம்.

படி 5: முடிவு

நோய் கிளையோடு நின்றால் கவாத்து, அதாவது அந்தக் கிளைகளை வெட்டிக் கழிப்பது, போதும். ஒரு பருவத்தில் கால் பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். கிளை அடியில் இருக்கும் வீக்கத்தை மரத்திலேயே விட்டு, அதற்கு வெளியே வெட்டுங்கள். வெட்டுக்குப் பெயின்ட், பொந்துக்கு சிமெண்ட் இரண்டும் வேண்டாம். மேலே உள்ள கிளைகளில் பாதிக்கு மேல் பட்டிருந்தாலோ, தூரில் காளானும் விழும் தூரத்தில் வீடும் இருந்தாலோ எடுத்துவிடுங்கள். வெட்டுமுன் அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள். மின்கம்பி பக்கத்தில் நீங்களே ஏறாதீர்கள்.

இரண்டுங்கெட்டானாக நிற்கிற மரத்தை, ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை படமெடுத்து வையுங்கள். பெருங்காற்று அடித்த மறுநாள் தூர் மண்ணையும் ஒருதரம் பாருங்கள்.