கடைசி வரி தெரிந்தால் போதுமா? குளுக்கோமா விடயத்தில் நாம் விடும் தவறுகள்

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியப்பா பத்திரிகையை மரண அறிவித்தல் வரை வாசித்த பிறகே மடித்து வைப்பார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்பார். ஒருநாள் காலி வீதியின் மஞ்சள் கடவையில், வலப்பக்கமாக வந்த முச்சக்கர வண்டி அவருக்குத் தெரியவில்லை. மயிரிழையில் தப்பினார். பரிசோதித்தபோது குளுக்கோமா, அதாவது பார்வை நரம்பு பழுதாகும் நோய். ஓரப் பார்வையில் பெரும்பகுதி போயிருந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கடையில் இலக்கம் பார்த்தவர்தான் அவர். எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டுமே அளக்கும். இந்த நோயோ பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் அரிக்கும். வலி இராது, சிவப்பு இராது. ஒரு கண் இழந்ததை மற்றக் கண் மறைத்துவிடும். 40 வயதைத் தாண்டியவர்கள் கண் வைத்தியரிடம் போய், கண்ணின் அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அழுத்தம் மட்டும் போதாது. 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வழமையான அளவு என்றாலும், அதற்குள் இருந்தும் நரம்பு பழுதானவர்கள் உண்டு. கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவரோடு போங்கள்.

“வயது போனால் வெள்ளை படரும், பிறகு வெட்டலாம்” என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. வெண்புரையை அகற்றினால் பார்வை திரும்பும். குளுக்கோமா கொண்டுபோன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சிகிச்சை.

எனக்கு மிகவும் கோபம் வருவது, கண் சிவந்தால் பழைய மருந்துத் துண்டைக் காட்டி ஸ்டீரொயிட் சொட்டு மருந்து வாங்கும் பழக்கத்தைக் கண்டால்தான். வைத்தியர் கண்காணிப்பின்றி அதை நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் ஏறி, குளுக்கோமாவே வரலாம். பிள்ளைகளுக்கும் இதைச் செய்கிறார்கள்.

ஓசையின்றி வராத வகையும் உண்டு. திடீரென்று கடும் கண்வலி, தலையிடி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம். இதைப் பித்தம் என்று எண்ணி, பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது. அந்த இரவிலேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விட்டும் பார்வை கூடவில்லையென்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். கூடுவதற்காகத் தரும் மருந்தல்ல அது. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தச் சொட்டு மருந்துகளில் டிமோலோல் போன்றவை மூச்சுத் திணறலைக் கூட்டலாம்.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆனால் எங்கள் வீடுகளில் நோயை மூடி வைப்பார்கள். பெரியப்பா மூடவில்லை. அவர் சொல்லித்தான் அப்பாவை லிப்டன் சுற்றுவட்டத்தருகே உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனேன். ஆரம்ப நிலை என்றார்கள். இப்போது அப்பா தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு துளி விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டிருப்பார். அந்த நேரம் வீட்டில் யாரும் அவரோடு பேசுவதில்லை.